எடை குறைக்கும்போது சாப்பாடு எவ்வளவு, உடற்பயிற்சி எவ்வளவு? முழுமையான வழிகாட்டி

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையிலோ மெரினாவிலோ காலை ஆறு மணிக்கு வேர்க்க விறுவிறுக்க நடப்பவர்களில் சிலரை ஏழரைக்குப் பக்கத்து ஓட்டலில் பொங்கல் வடையோடு பார்க்கலாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நடந்தால் பசிக்கும், பசித்தால் சாப்பிடத் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 74 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் நடக்கிறார். சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்துவிட்டால், நடையால் கூடுதலாகச் செலவானது ஏறத்தாழ 140 கலோரி. எண்ணெயில் பொரித்த ஒரு மெதுவடைக்கே அது சரியாகப் போய்விடும். பொங்கல் மொத்தமும் கூடுதல் வரவு.

அதனால் நடை வீண் என்று சொல்ல வரவில்லை. எடை குறைகிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் சாப்பாடு முடிவு செய்கிறது. குறைவது கொழுப்பா தசையா, குறைந்த எடை திரும்ப ஏறாமல் நிற்குமா என்பதை உடற்பயிற்சி முடிவு செய்கிறது. இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்றின் கணக்கை இன்னொன்றில் கழிக்கப் போனால் இரண்டுமே கெடும். கீழே சொல்லியிருக்கும் முறை முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளாசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் ரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை நீங்களாகச் செய்யக் கூடாது, டாக்டர்தான் செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கை நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு வந்தால் நடப்பதை நிறுத்திவிட்டு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடியுங்கள். நடக்கப் போகும்போது அந்தச் சர்க்கரை சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், முன்பு சாப்பாட்டை வெறுத்து ஒதுக்கியோ அடக்க முடியாமல் உண்டோ சிரமப்பட்டவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் புரதத்தைக் கூட்டச் சொல்லும் பகுதி பொருந்தாது.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

தொடங்கிய அன்றே அரிசியை நிறுத்துவது, சர்க்கரையை ஒழிப்பது எல்லாம் வேண்டாம். ஒரு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு, சாப்பிட்டதை மட்டும் எழுதுங்கள். காபி, டீ, குழந்தை மிச்சம் வைத்த அரைத் தோசை, ஆபீசில் யாரோ பிறந்த நாளுக்குக் கொடுத்த கேக் என்று எதையும் விடக் கூடாது. போனில் இருக்கும் நடை எண்ணிக்கையையும் தினமும் குறித்து வையுங்கள். காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்தால் வருவதுதான் உங்கள் தொடக்க எடை.

இடுப்புச் சுற்றளவையும் எடுங்கள். வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை இயல்பாக விட்டபின், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். இந்தியர்களைப் பொறுத்தவரை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். உடல் நிறை குறியீட்டிலும் (BMI, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) நமக்கு எல்லை தாழ்வுதான். 23 வந்தாலே அதிக எடை, 25 வந்தால் உடல் பருமன்.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கறார்? 2004ஆம் ஆண்டு லான்செட் இதழில் ஒரு சின்னக் கட்டுரை படத்தோடு வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டனின் யட்கின் என்று இரண்டு ஆய்வாளர்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றுபோல 22.3. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். ஆள் ஒல்லிதான், ஆனால் தசை குறைவு, கொழுப்பு அதிகம். நம்மில் பலருக்கும் உடல்வாகு இப்படித்தான். பட்டினி கிடந்து எடையை இறக்கும்போது, ஏற்கெனவே குறைவாக இருக்கும் தசையும் சேர்ந்து போகும். எடை இயந்திரத்தில் நல்ல சேதிபோலத் தெரிவது உடம்புக்கு நஷ்டமாகவும் இருக்கலாம்.

படி 2: இலக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

1990இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியில் ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 40 வயதுப் பெண், உயரம் 160 செ.மீ., எடை 74 கிலோ, உட்கார்ந்து பார்க்கும் வேலை. 740 + 1000 − 200 − 161 = 1379. படுத்தே இருந்தாலும் உடம்பு ஒரு நாளில் எரிக்கும் அளவு இது. வீட்டு வேலையும் கொஞ்சம் நடையும் உள்ளவர் என்பதால் 1.4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,930. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்கள் 1.3ஆலும், நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள் 1.6ஆலும் பெருக்கிக்கொள்ளலாம். இது மதிப்பீடுதான். முதல் வாரம் எழுதிய குறிப்பையும் நான்கு வார எடையையும் வைத்துத்தான் உண்மையான எண் தெரியவரும்.

அதிலிருந்து 400 கலோரி குறையுங்கள். இந்தப் பெண்ணுக்கு இலக்கு 1,500 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளைக்கு 400 குறைத்தால் தொடக்கத்தில் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ இறங்கும். போகப் போக வேகம் குறையும். எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைகிறது, அதுதான் காரணம்.

மாதம் ஒன்றரைக் கிலோவா என்று சலித்துக்கொள்பவர்கள் மினசோட்டா பட்டினிப் பரிசோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1944–45இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அவர்களுடைய தேவையில் ஏறத்தாழப் பாதியை மட்டும் கொடுத்தார். வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வைத்தார். எடை இறங்கியது, கால்வாசி போயே போய்விட்டது. கூடவே பலமும் போனது. எந்நேரமும் குளிர், எரிச்சல், மனச்சோர்வு. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்ததும் 1,570 கலோரிதான், நம் உதாரணப் பெண்ணின் இலக்கைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் அவர்களின் தேவை 3,000க்கு மேல். தட்டில் எத்தனை கலோரி என்பதைவிடத் தேவையிலிருந்து எவ்வளவு வெட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். 1,200 கலோரி டயட் என்று வாட்ஸ்அப்பில் வரும் அட்டவணையை வீட்டில் அண்ணன், தங்கை, அம்மா எல்லோரும் ஒன்றாகப் பின்பற்றுவதில் அர்த்தமில்லை.

படி 3: தட்டை மாற்றுங்கள், எண்ணெயிலிருந்து தொடங்குங்கள்

அரிசியைத்தான் எல்லோரும் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். என் கணக்கில் முதலில் விசாரிக்க வேண்டியது எண்ணெய் டப்பாவை. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால் ஆளுக்கு நாளைக்கு 33 மில்லி, அதாவது 275 கலோரி. அதையே 2 லிட்டராக்கினால் ஆளுக்கு ஏறத்தாழ 138 கலோரி மிச்சம். மேலே சொன்ன 45 நிமிட நடைக்குச் சமம். வீட்டில் நான்கு பேருக்கும் தினமும் கிடைக்கும், யாரும் எழுந்து ஷூ மாட்ட வேண்டியதில்லை.

குறைப்பது எப்படி? மாதத் தொடக்கத்தில் இரண்டு லிட்டரைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பாட்டிலிலிருந்து நேரே வாணலியில் ஊற்றாமல் டீஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூன் 45 கலோரி. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், செக்கு எண்ணெய், நெய் எல்லாமே கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான். செக்கில் ஆட்டியது என்பதால் கலோரி குறையாது.

அடுத்தது புரதம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் போதும் என்கிறது. எடை குறைக்கும்போது அதைவிடக் கொஞ்சம் அதிகமாக, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வைத்துக்கொண்டால் தசை காக்கப்படும், பசியும் அடங்கும். நம் வீடுகளில் இது எளிதாக எட்டும் அளவு இல்லை. சாம்பாரை நம்பி இருப்பவர்கள் அதில் எவ்வளவு பருப்பு இருக்கிறது என்று ஒரு நாள் கரண்டி விட்டுப் பாருங்கள். முட்டைக்கு 6 கிராம், 100 மில்லி பாலுக்கோ தயிருக்கோ 3 கிராம், 100 கிராம் மீனுக்கோ கோழிக்கோ 20 கிராம் அல்லது அதற்குச் சற்று மேல், 40 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலைக்கு 8 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்கு மலிவாகக் கைகொடுப்பது மீல்மேக்கர். உலர்ந்த 30 கிராமில் 15 கிராம் புரதம் வந்துவிடும். நிலக்கடலையில் புரதம் உண்டு என்று கை கையாக அள்ளாதீர்கள். 100 கிராமில் 560 கலோரிக்கு மேல்.

அப்புறம்தான் அரிசி. சமைத்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. சாதாரணமாகத் தட்டில் போட்டுக்கொள்வதை ஒரு நாள் தராசில் வைத்துப் பாருங்கள். 300, 350 கிராம் வருவது சகஜம். அதை 150 கிராமாக்கி, அந்த இடத்தைப் பொரியலாலும் கீரையாலும் நிரப்புங்கள். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது தமிழ்நாட்டில் எடை குறைப்பின் முதல் சடங்கு. எண்ணெய் தடவாத இரண்டு சப்பாத்தி 210 கலோரி, 160 கிராம் சோறும் 210 கலோரி. எண்ணிச் சாப்பிட முடிகிறது என்பது சப்பாத்தியின் பெரிய நன்மை. தினை, சாமை, வரகும் சமைக்கும் முன் 100 கிராமுக்கு அரிசியைப் போலவே 330 முதல் 350 கலோரிதான். நார்ச்சத்து கூடுதல் என்பதால் சாப்பிடுங்கள், அளவில்லாமல் சாப்பிடலாம் என்பதற்காக அல்ல.

1,500 கலோரி நாள் நம் உதாரணப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம்.

- காபி இரண்டு முறை, தலா 100 மில்லி பால், சர்க்கரை இல்லாமல்: 120
- காலை: இட்லி மூன்று, சாம்பார், வேக வைத்த முட்டை ஒன்று, தேங்காய்ச் சட்னி ஒரு ஸ்பூன்: 375
- மதியம்: சோறு 150 கிராம், பருப்பு போட்ட கீரை, ஒரு பொரியல், குழம்பில் மீன் 100 கிராம், மோர்: 535
- மாலை: கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம்: 150
- இரவு: சப்பாத்தி இரண்டு, பருப்புக் கூட்டு: 320

புரதம் ஏறத்தாழ 75 கிராம். மீன் சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் மீல்மேக்கரோ பனீரோ வைக்கலாம். பனீரில் கொழுப்பு அதிகம் என்பதால் 50 கிராமோடு நிறுத்துங்கள். காபியில் சர்க்கரை இல்லாமல் வாழவே முடியாது என்றால் ஒரு டீஸ்பூன் 20 கலோரி, அதற்குத் தக்கபடி சுண்டலைக் கொஞ்சம் குறையுங்கள். இப்படி மாற்றிக்கொள்ள இடம் இருந்தால்தான் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க முடியும்.

படி 4: நடையைக் கூட்டுங்கள்

10,000 அடி என்பது மருத்துவம் கண்டுபிடித்த எண் இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவி பரப்பிய எண் அது. உங்கள் முதல் வாரச் சராசரி 3,500 என்றால் இலக்கு 5,500. இரண்டு வாரம் கழித்து 7,000. அங்கிருந்து மேலே போவது உங்கள் நேரத்தையும் முழங்காலையும் பொறுத்தது. உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட பரிந்துரை வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டோம் என்று மீதி நாளெல்லாம் சோபாவில் சாய்ந்துவிடுகிறோம். மாடிப்படி ஏற வேண்டிய இடத்தில் லிஃப்ட், தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டி. உடம்பும் தன் பங்குக்குச் சிக்கனம் பிடிக்கும். டான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் கலோரிச் செலவை ஹெர்மன் பான்ட்சர் குழு அளந்து 2012இல் வெளியிட்டது. நாள் முழுக்க அலைந்து திரியும் அவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேலைநாட்டு நகரவாசிகளின் செலவைவிட அதிகமாக இல்லை. ஓடி ஓடி எவ்வளவு வேண்டுமானாலும் எரித்துவிடலாம் என்ற கணக்கு பொய்ப்பது இதனால்தான். எனவே காலை நடையை மட்டும் பார்க்காமல், இரவு படுக்கும்போது போனில் இருக்கும் மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள்.

கைக்கடிகாரம் காட்டும் கலோரியை நம்பவே வேண்டாம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகச் சொன்ன கருவிகள், கலோரியில் சொதப்பின. இருப்பதில் சிறந்ததுகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. 400 எரித்தாய் என்று அது பாராட்டுவதை வைத்து 400க்குச் சாப்பிடுவது எவ்வளவு ஆபத்து என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி

பலரும், குறிப்பாகப் பெண்கள், விட்டுவிடுவது இதைத்தான். உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும் என்ற பயம். குறைவாகச் சாப்பிடும் காலத்தில் அப்படித் தசை வளர வாய்ப்பே இல்லை, இருப்பதைக் காப்பாற்றினாலே பெரிய விஷயம். சாப்பாட்டைக் குறைத்து நடை மட்டும் போகிறவருக்கு, தசையை வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் உடம்புக்குப் புரிவதில்லை. கனம் தூக்கினால் புரியும்.

ஜிம் வேண்டாம், வீடு போதும். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, பழகியபின் தோப்புக்கரணம். சுவரில் கை ஊன்றித் தண்டால், பிறகு மேசையில், கடைசியில் தரையில். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்குவது. கனமான பையை முதுகை வளைக்காமல் தரையிலிருந்து எடுப்பது. ஒரு கையால் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை விலாப் பக்கம் இழுப்பது. ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாக 15 முறை செய்ய முடிந்தால் கனத்தைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் முடியும். செவ்வாய், வெள்ளி என்று இடைவெளி விட்டு வையுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் தோப்புக்கரணத்தை முழுதாகச் செய்யாமல் நாற்காலி உயரத்தோடு நிறுத்தலாம். வலி கூடினால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

படி 6: பயிற்சியைச் சுற்றிச் சாப்பாட்டை அடுக்குவது

மேலே உள்ள 1,500 கலோரி பயிற்சி இருக்கும் நாளுக்கும் இல்லாத நாளுக்கும் பொது. 45 நிமிட நடைக்கும் அரை மணி நேரத் தசைப் பயிற்சிக்கும் எதையும் கூடுதலாகச் சாப்பிட வேண்டாம். அதே சமயம், இன்று நடக்கவில்லை என்று இரவுச் சாப்பாட்டை வெட்டித் தண்டனை கொடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சாப்பாடு கூலியும் இல்லை, அபராதமும் இல்லை.

சாப்பாட்டின் அளவு மாறாவிட்டாலும் நேரத்தை மாற்றலாம். காலையில் வெறும் வயிற்றில் நடப்பது பெரும்பாலானவர்களுக்குச் சரிதான், சர்க்கரை மருந்துக்காரர்கள் மட்டும் டாக்டரைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு அதிகம் கரையும் என்பதில் பெரிதாகச் சாரமில்லை. மொத்தச் சாப்பாடு ஒன்றே என்றால் கடைசியில் எடையும் ஒன்றாகவே குறைகிறது. உங்களுக்கு எது சுகமோ அது. தசைப் பயிற்சி மட்டும் வெறும் வயிற்றில் பலருக்குத் தலை சுற்றும். முக்கால் மணி நேரம் முன் ஒரு வாழைப்பழம், 90 கலோரி, மாலைச் சுண்டலில் பாதியைக் குறைத்து ஈடுகட்டலாம். மாலையில் பயிற்சி என்றால் மதியச் சோற்றிலிருந்து கொஞ்சத்தை நான்கு மணிக்கு நகர்த்துங்கள். பயிற்சிக்குப் பின் வரும் அடுத்த வேளையில் முட்டையோ பருப்போ மீனோ இருக்கட்டும். முப்பது நிமிடத்துக்குள் குடித்தே ஆக வேண்டும் என்று விற்கப்படும் பவுடர்கள் இந்த அளவுப் பயிற்சிக்குத் தேவையில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஷட்டில், நீச்சல், ஓட்டம், சைக்கிள் என்று நிஜமாகவே மூச்சு வாங்க ஆடுகிறவர்கள். 74 கிலோ ஆள் ஒரு மணி நேரம் சாதாரண ஷட்டில் ஆடினால் கூடுதல் செலவு சுமார் 330. அதில் பாதிக்குள், 150 கலோரி அளவுக்கு, சோறோ பழமோ சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காவிட்டால் அன்று இரவு பத்து மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து 500க்குச் சாப்பிடுவோம். அதுதான் நடக்கும்.

தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். வந்ததும் தண்ணீர், நிறைய வியர்த்திருந்தால் உப்புப் போட்ட நீர்மோர். கரும்புச் சாறும் பாட்டில் ஜூஸும் நடந்ததை அங்கேயே ரத்து செய்துவிடும்.

படி 7: அளந்து பார்த்து மாற்றுங்கள்

முதல் வாரத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு குறைந்ததும் அது வெளியேறுகிறது. எதிர்ப்பக்கமும் நடக்கும். தசைப் பயிற்சி ஆரம்பித்த வாரத்தில் எடை அரைக் கிலோ ஏறலாம், வலிக்கும் தசைகளில் நீர் கோத்துக்கொள்ளும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ ஏறுவதும், ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த விருந்துக்கு மறுநாள் ஏறுவதும் தண்ணீர்தான். பெண்கள் இந்த மாதத்தின் ஒரு வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

நான்கு வாரம் கழித்து வாரச் சராசரிகளை ஒப்பிடுங்கள். வாரத்துக்கு 300 கிராம் சுற்றி இறங்கியிருந்தால் எதையும் தொடாதீர்கள். எடை அசையாமல் இடுப்பு மட்டும் இரண்டு செ.மீ. குறைந்திருந்தாலும் தொடாதீர்கள், கொழுப்பு போகிறது. இரண்டுமே அசையவில்லை என்றால் உடனே சாப்பாட்டை வெட்டாமல் முதலில் கசிவைத் தேடுங்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறில் இருக்கும். ஆறு நாள் 400 மிச்சம் பிடித்தால் 2,400. ஞாயிறு ஒரு முழு பிரியாணி, சிக்கன் 65, மாலை பஜ்ஜி, இரவு பரோட்டா என்று 1,500 கூடிப்போனால் வாரத்துக்கு மிச்சம் 900தான். கசிவு எங்கும் இல்லை என்று உறுதியானால் 100 முதல் 150 கலோரி குறையுங்கள், அல்லது 2,000 அடி கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மறுபக்கம், தண்ணீர் இறங்கும் முதல் இரண்டு வாரம் போனபின்னும் வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்குகிறது என்றால் அது வெற்றி இல்லை. 150 முதல் 200 கலோரி திரும்பச் சேருங்கள். கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, மாதவிடாய் தள்ளிப்போவது, தூக்கம் கெடுவது, போன வாரம் தூக்கிய கனம் இந்த வாரம் தூக்க முடியாமல் போவது, சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டில் கத்துவது எல்லாம் சாப்பாடு போதவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். இவை இருந்தால் கலோரியைக் கூட்டிப் பார்த்து, தீராவிட்டால் ரத்தசோகை, தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

விருந்தும் விரதமும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து கலோரி எண்ணுவது அபத்தம். அன்றைக்கு மற்ற இரண்டு வேளையை எளிமையாக்கி, இலையில் பிடித்ததை மட்டும் சாப்பிட்டு எழுந்திருங்கள். மறுநாள் பட்டினியும் இரட்டை நடையும் தேவையில்லை, வழக்கமான நாளாகவே தொடருங்கள். தீபாவளிப் பலகாரத்தில் ஆபத்து தீபாவளியன்று இல்லை, அடுத்த பத்து நாள் டப்பாவில் இருக்கும் முறுக்கில் இருக்கிறது. கொடுக்க வேண்டியவர்களுக்குச் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

சஷ்டி, ஏகாதசி விரத நாளில் மென்மையான நடை போதும், தசைப் பயிற்சியை வேறு நாளுக்கு மாற்றுங்கள். பகலில் பட்டினி கிடந்து இரவில் அவல் பாயசமும் ஜவ்வரிசி வடையும் சாப்பிட்டால் அது விரதமாக இருக்கலாம், எடை குறைப்பாக இருக்காது. ரமலான் மாதத்தில் தண்ணீரும் குடிப்பதில்லை என்பதால், நோன்பு திறந்து கஞ்சி குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்வது பாதுகாப்பானது. சஹர் என்னும் விடியலுக்கு முந்தைய சாப்பாட்டில் முட்டையோ தயிரோ சேர்த்துக்கொண்டால் பகல் சமாளிக்கலாம்.

படி 8: இலக்கை எட்டியபின்

முதல் இலக்கு இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் என்று இருக்கட்டும். 74 கிலோவில் அது 4 முதல் 7 கிலோ. அந்த அளவு குறைந்தாலே ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டிலும் முன்னேற்றம் தெரியும்.

68 கிலோவுக்கு வந்த பெண்ணுக்கு அதே சூத்திரத்தில் தேவை ஏறத்தாழ 1,850. முன்பைவிட 85 கலோரி குறைவு. உடம்பு பிடித்திருக்கும் சிக்கனத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையலாம். எனவே பழைய சாப்பாட்டுக்கு ஒரேயடியாகத் திரும்பாமல் வாரம் 100 கலோரி வீதம் கூட்டிக்கொண்டே போய், வாரச் சராசரி எடை நிலைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மேலும் இறக்க வேண்டும் என்றால் ஓரிரு மாதம் இங்கேயே நின்று, பிறகு இரண்டாவது சுற்றைத் தொடங்கலாம்.

நடையை மட்டும் இப்போது குறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேடு, எடையைக் குறைத்து ஆண்டுக்கணக்கில் அதைத் தக்கவைத்தவர்களைப் பின்தொடர்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தினமும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலுழைப்பு செய்கிறவர்கள். எடையை இறக்கும்போது இரண்டாம் இடத்தில் இருந்த உடற்பயிற்சிக்கு, தக்கவைக்கும்போது முதலிடம். வாரத்தில் ஒரு நாள் எடை பார்ப்பதைத் தொடருங்கள். எடை 2 கிலோ ஏறினால் ஐந்தாவது கிலோவுக்குக் காத்திருக்காமல் நோட்டை எடுத்து மறுபடி ஒரு வாரம் எழுத ஆரம்பியுங்கள்.